மேலிருந்து முகம் தெரியாது

என் வீட்டுக்காரருக்கு வயிற்றில் ஒன்றும் இல்லை என்று இரண்டு டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். நெஞ்சில் ஒன்றும் இல்லை என்று நானே சொல்லிவிட்டேன். என் தம்பி சாவதைக் கண்ணால் பார்த்த ஒரே ஆள் அவர். கடைசிக் காரியத்தன்று வீடே தலையில் அடித்துக்கொண்டு அழுதபோது, இவர் நாற்காலிகளை எடுத்து வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார். ஒன்று கொஞ்சம் கோணலாக இருந்தது என்று திரும்ப வந்து அதை நேர்படுத்திவிட்டுப் போனார். அம்மா அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். அந்தப் பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அவர் டவர் கிரேன் ஓட்டியவர். பல மாடி உயரத்தில், ஒரு பீரோ அளவுள்ள கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, சிமெண்டையும் கம்பியையும் தூக்கித் தூக்கி இறக்குகிற வேலை. கீழே ஒரு சிக்னல்காரன் நிற்பான். வாக்கி டாக்கி உண்டுதான். ஆனால் கான்கிரீட் மிஷின் இரைச்சலில் அது கரகரவென்று இருமுமே தவிர ஒன்றும் பேசாது. அதனால் எல்லாம் கைதான். சிக்னல்காரன் கை சொல்லும், கிரேன் கேட்கும்.

அந்த வேலைக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. சரக்கு தொங்கும்போது சிக்னல்காரன் கை சும்மா அசையவே கூடாது. மூக்கு அரித்தாலும் சொறியக் கூடாது, ஏனென்றால் மேலே இருப்பவருக்கு ஒவ்வொரு அசைவும் ஓர் உத்தரவு. இன்னொன்று, 'நிறுத்து' என்று யார் காட்டினாலும் கிரேன் நிற்க வேண்டும். முதலாளி காட்டினாலும் சரி, வழியோடு போகிற பெருக்குகிறவர் காட்டினாலும் சரி.

என் தம்பிக்கு வீட்டில் பெயர் வாலு. பெற்றவள் வைத்த பெயர் பள்ளிக்கூடத்தோடு சரி. ஒரு நிமிஷம் கை காலை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன். அப்படிப்பட்டவனைப் போய், கை அசைக்காமல் நிற்கிற வேலையில் சேர்த்துவிடச் சொல்லி இவரை நச்சரித்தவள் நான்தான். வேலை இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தான், அம்மா புலம்பினாள், நான் இவர் காதில் ஓதினேன். "சரி, வரச் சொல்லு" என்றார்.

வாலு சிக்னல் பழகியதே எங்கள் சாப்பாட்டு மேஜையில்தான். இவர் தண்ணீர் ஜாடியைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். அவன் எதிரே நின்று விரலைக் கீழே காட்டிச் சுழற்றினால் ஜாடி இறங்கும். கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் கிட்டக் கொண்டுவந்தால் மெதுவாக இறங்கும். கையைப் பக்கவாட்டில் நீட்டி உள்ளங்கையைக் கவிழ்த்தால் நிற்க வேண்டும். இவர் வேண்டுமென்றே நிற்காமல் அவன் மேல் தண்ணீரைக் கொட்டுவார். வாலு சிரிப்பான். அவனுக்குச் சிரிப்புச் சத்தமே வராது, இரண்டு தோளும் குலுங்கும், அவ்வளவுதான். அது எங்கள் அம்மா வழி. அம்மா சிரித்தாலும் அப்படித்தான், பின்னால் இருந்து பார்த்தால் அழுகிறாள் என்று தோன்றும். இவரோ வீடு அதிரச் சிரிப்பார். கண் இரண்டும் இடுங்கி மூடிக்கொள்ளும். பக்கத்து வீட்டுக்காரி மறுநாள் "என்ன விசேஷம்?" என்று கேட்பாள்.

அந்த மனுஷர் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. செத்தது என் தம்பி, காணாமல் போனது இவர்.

தொங்கிக்கொண்டிருந்த கம்பிக் கட்டு வாலு மேல் விழுந்தது. கட்டித் தூக்கும் பெல்ட் நைந்திருந்தது என்று விசாரணையில் சொன்னார்கள். இவர் மேல் ஒரு தவறும் இல்லை என்று எழுதிக்கொடுத்தார்கள். மேலே ஏற வேண்டாம் என்று சொல்லி, ஸ்டோர் ரூமில் தலைக்கவசமும் கையுறையும் எடுத்துக்கொடுக்கிற வேலையில் போட்டார்கள். போகிறார், வருகிறார். எப்படி இருக்கிறீர்கள் என்றால் "ஒண்ணும் இல்ல." தூங்கினீர்களா என்றால் "ஒண்ணும் இல்ல." எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி ஒரு முகம். வயிறு மட்டும் எரிகிறது என்பார். வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள், பளிச்சென்று இருந்ததாம்.

இன்னொரு புதுப் பழக்கம், வலது கட்டைவிரலை எதன் மேலாவது வைத்து அழுத்துவது. மேஜை விளிம்பு, நாற்காலிக் கை, தட்டு ஓரம். நகம் வெளுக்கும்வரை அழுத்துவார். தூக்கத்தில் என் தோளை அழுத்தி, நான் கத்தி எழுந்ததும் உண்டு. "மேஜையில ஓட்டை போடப் போறீங்களா?" என்று திட்டுவேன். கையை எடுத்துவிடுவார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் போய்விடும்.

நான் துணிக்கடையில் ஆல்டரேஷன் பார்க்கிறவள். பேண்ட் நீளம் குறைப்பேன், இடுப்புப் பிடிப்பேன். ஒரு நாள் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது வாலுவின் பழைய சட்டை ஒன்று கையில் வந்தது. அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. இவர் எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "சளி பிடிச்சிருக்கா?" என்று கேட்டார்.

சட்டையை அவர் மேல் விட்டெறிந்தேன். அதை எடுத்து ஒழுங்காக மடித்து வைத்தார்.

இரண்டாவது டாக்டர் அனுப்பி, மூன்றாவதாக ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். மனசுக்குப் பார்க்கிறவர். "இப்ப எப்படி இருக்கு உங்களுக்கு?" என்று கேட்டார்.

"உக்காந்திருக்கேன்" என்றார் இவர்.

"உள்ளுக்குள்ள எப்படி இருக்குன்னு கேட்டேன்."

"எரியுது. இங்க, நடுவுல."

டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "அவருக்குள்ள எல்லாம் இருக்கும்மா. துக்கம், பயம், எல்லாமே. ஆனா எது என்னன்னு அவருக்கே அடையாளம் தெரியல. பெரிய அதிர்ச்சிக்கு அப்புறம் சிலருக்கு இப்படி ஆகும். எதிர்ல இருக்கறவங்க முகத்தைப் பாத்து என்னன்னு புரிஞ்சுக்கறதும் கஷ்டமாயிடும். நீங்கதான் கொஞ்சம் பொறுமையா இருக்கணும்."

"பசிச்சா மட்டும் நல்லா அடையாளம் தெரியுது டாக்டர்" என்றேன். பெரிய சாமர்த்தியமாகப் பேசிவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நாக்கு நீளம் எனக்கு.

அம்மாவுக்கு டாக்டர் கதை எல்லாம் எடுபடவில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. "கம்பெனிக்காரன் வந்து சொன்னான், போலீஸ்காரன் வந்து சொன்னான். பாத்தவன் ஒருத்தன், அவன் சொல்லல. என் பிள்ளை எப்படிப் போனான்னு அவர் வாயால ஒரு வார்த்தை கேக்கணும். ஞாயித்துக்கிழமை வர்றேன். அன்னைக்கும் கல்லுளிமங்கனா உக்காந்திருந்தார்னா, நீ என்கூடக் கிளம்பு. மச்சான் செத்ததுக்கே அழாதவர், நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா அழுவாரா?"

எனக்கும் அதே கேள்விதான் இருந்தது. சனிக்கிழமை சூட்கேஸை எடுத்து வைத்து அவர் கண் முன்னாலேயே துணிகளை அடுக்கினேன். போகாதே என்று ஒரு சொல் வந்திருந்தால் அப்படியே கவிழ்த்துக் கொட்டியிருப்பேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜிப் சிக்கிக்கும். துணியைக் கொஞ்சம் உள்ள தள்ளு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா வந்தாள். இவர் ஃபேனைப் போட்டார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். எதிரே உட்கார்ந்தார். மரியாதையில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

அம்மா தண்ணீரைத் தொடவில்லை. "மாப்பிள்ளை, நான் சண்டை போட வரல. அன்னைக்கு என்ன நடந்துச்சு? அது மட்டும் சொல்லுங்க."

"பெல்ட் நைஞ்சு போயிருந்துச்சு அத்தை."

"அது எனக்கும் தெரியும். நீங்க என்ன பாத்தீங்க?"

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், அது எனக்குத் தெரிந்தது. "காத்து இல்ல. வெயில் நல்லா அடிச்சுது. வலது பக்கக் கண்ணாடியில தூசி இருந்துச்சு."

"என் பிள்ளையைக் கேக்கறேன். தூசியைச் சொல்றீங்களே!"

"பதினாறு எம்எம் கம்பி அத்தை. ஒரு கட்டு."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "வாயைத் திறந்தா கம்பி, தூசி! உங்களுக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா? என் தம்பியைக் கொன்னுட்டு மேலேர்ந்து வேடிக்கை பாத்துட்டு வந்து, வயித்து வலியாம் வயித்து வலி!"

கொன்னுட்டு என்ற சொல் என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. வந்துவிட்டது. அவர் முகம் மாறவில்லை. கட்டைவிரல் மட்டும் நாற்காலிக் கையின் மேல் போய் உட்கார்ந்து அழுத்த ஆரம்பித்தது.

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். போதும், நீ ஒன்றும் பேசாதே என்று அவளைத் தடுக்க நான் கையைப் பக்கவாட்டில் நீட்டினேன்.

அவர் நின்றுவிட்டார். உட்கார்ந்துதான் இருந்தார், ஆனாலும் நின்றுவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு என் கையையே பார்த்தார். நான் என் கையைப் பார்த்தேன். பக்கவாட்டில் நீண்டு, உள்ளங்கை கவிழ்ந்திருந்தது. தண்ணீர் ஜாடியைப் பார்த்து வாலு காட்டிய அதே கை.

ஒரு வருஷமாக இந்த மனுஷர் வீட்டுக்குள் முகத்தைப் பார்க்காமல் கையையே பார்த்துக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது. முகத்தில் அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. படிக்கத் தெரிந்தது ஒன்றுதான் மிச்சமிருந்தது. அந்தக் கையை வைத்து நான் சூட்கேஸ் அடுக்கிக் காட்டியிருக்கிறேன்.

"வாயால சொல்ல வேணாம்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "வாலு என்ன காட்டினான்? கையால காட்டுங்க."

அவர் எழுந்தார். மேஜையை ஒதுக்கிவிட்டு அறை நடுவில் நின்றார். கால்களை அகட்டி, இடுப்பை ஒரு பக்கம் சாய்த்து, வாலு நிற்கிற மாதிரியே நின்றார். அம்மாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது.

விரல் கீழே பார்த்துச் சுழன்றது. "இறக்கு" என்றார். கட்டைவிரலும் சுட்டுவிரலும் நெருங்கின. "மெதுவா." கை பக்கவாட்டில் நீண்டது. "நிறுத்து. நான் நிறுத்திட்டேன் அத்தை. சரியா நிறுத்திட்டேன். தரையிலேர்ந்து ஒரு ஆள் உயரத்துக்கு மேல தொங்குது. அவன் சுத்திப் போய் இடம் சரியா இருக்கான்னு பாக்கணும். பாத்துட்டு வந்தான். வந்து..."

அவர் கை வயிற்றுக்குப் போனது. வயிற்றை இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு ஐந்து விரலையும் குவித்து வாய்க்குக் கொண்டுபோனார்.

"இது என்ன சிக்னல்?" என்று கேட்டாள் அம்மா.

"சிக்னல் இல்ல. எங்களுக்குள்ள வச்சுக்கிட்டது. வேலை முடிஞ்சு கொக்கியைக் கழட்டினதும் காட்டுவான். பசிக்குது, இறங்கி வா மாமான்னு அர்த்தம். சரக்கு தொங்கறப்ப காட்டக் கூடாது. பல தடவை சொல்லியிருக்கேன். அன்னைக்குக் காட்டிட்டான். சும்மா ரெண்டு தட்டு இல்ல, மேளம் அடிக்கற மாதிரி அடிச்சான்."

அன்று இருவருக்கும் சாப்பாட்டு டப்பா கட்டிக்கொடுத்தவள் நான். வாலுவுக்குப் பிடித்ததை எல்லாம் செய்து, "மத்தியானம் வரைக்கும் திறக்கக் கூடாது" என்று மிரட்டி அனுப்பியிருந்தேன். அதை அவர்கள் இருவரிடமும் சொல்ல எனக்கு நா எழவில்லை.

"அப்புறம்?"

"அவனைத் திட்டியிருக்கணும். ஹாரன் அடிச்சு, கையை இறக்குடான்னு சொல்லியிருக்கணும்." அவர் வலது கையை முன்னே நீட்டினார். அங்கே இல்லாத ஒரு கைப்பிடியை விரல்கள் பற்றின. கட்டைவிரல் மேலே நின்றது. "ஹாரன் இங்கதான் இருக்கும். கட்டைவிரலுக்கு அடியிலேயே. அழுத்தல."

"ஏன்?"

"சிரிச்சேன்."

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"சிரிப்பு வந்துருச்சு அத்தை. எனக்குச் சிரிச்சா கண்ணு மூடிக்கும். தொறந்து பாக்கறப்ப கட்டு ஒரு பக்கம் சாஞ்சிருந்துச்சு. அப்பவும் அழுத்தியிருந்தா நகர்ந்திருப்பானோ என்னவோ. விரல் வரல. வாய் இன்னும் சிரிச்சுக்கிட்டு இருந்துச்சு. அவன் விழறான், என் வாய் சிரிச்சுக்கிட்டே இருக்கு. மூட முடியல." அவர் தன் வாயைத் தொட்டுப் பார்த்தார், அது இன்னும் அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பவர் மாதிரி. "அதுக்கப்புறம் இந்த மூஞ்சியை எப்படி வச்சுக்கணும்னு எனக்குத் தெரியல."

நாற்காலிகளை வரிசையாகப் போட்ட மனுஷரை நினைத்துக்கொண்டேன். அந்தக் கட்டைவிரல் ஒரு வருஷமாக எதை அழுத்திக்கொண்டிருந்தது என்று தெரிந்தபோது கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். ஏன் அழவில்லை என்று ஓராயிரம் தடவை கேட்டிருப்பேன். என்ன பார்த்தீர்கள் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அதை அம்மா வந்து கேட்க வேண்டியிருந்தது.

அம்மா எழுந்து அவருக்குக் கிட்டே போனாள். அவளுடைய கை மேலே எழுந்தது. அடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், விலகாமல் கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றார். கை அந்தரத்திலேயே நின்றது. அது என்ன சொல்கிறது என்று தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அம்மாவுக்கே அந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. கீழே இறக்கிக்கொண்டாள்.

"அவனும் சிரிச்சானா?" என்று கேட்டாள்.

"அவ்வளவு உயரத்துல மேலிருந்து முகம் தெரியாது அத்தை."

அம்மா தலையை ஆட்டிக்கொண்டு திரும்பினாள்.

"ஆனா ரெண்டு தோளும் குலுங்குச்சு" என்றார் அவர். "அது தெரிஞ்சுது."

அம்மா அப்படியே நின்றாள். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்றாள். முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவளுடைய தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. சத்தமே இல்லை.

அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் அம்மாவைப் பார்த்தார். பிறகு என் பக்கம் வந்து, அவளுக்குக் கேட்காத மாதிரி தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அத்தை சிரிக்கிறாங்களா?"

முன்தினம் இப்படி ஒரு கேள்வி கேட்டிருந்தால் கையில் கிடைத்ததை எடுத்து எறிந்திருப்பேன். "இல்லங்க. அழறாங்க" என்றேன்.

"அழறாங்க" என்று மெதுவாக ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். என் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தார். காலடியில் சூட்கேஸ் இருந்தது. அவர் கண் காய்ந்துதான் இருந்தது. கை வயிற்றை அழுத்திப் பிடித்திருந்தது.

"நான்?" என்று கேட்டார்.

நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். கட்டைவிரல் என் உள்ளங்கையில் அழுந்தியது, வலித்தது. நான் கையை எடுக்கவில்லை.

"நீங்களும்தான்" என்றேன்.